சான்றிதழ் உங்கள் பெயரில், வேலை யார் கையில்?

நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"ஒன்பது வருஷமாக ஒரு சின்ன சைன்போர்டு கடை நடத்துகிறோம். பேனர், ஜன்னல் ஸ்டிக்கர், வேன்களுக்கு ஒட்டும் வினைல் எழுத்து இதெல்லாம். கடை எனக்கும் என் கணவருக்கும் பாதிப் பாதி. இருவரும் சிட்டிசன். டிசைன், கொட்டேஷன், வசூல், இரண்டு பையன்களுக்குச் சம்பளம் எல்லாம் நான்தான். அவர் பகலில் வேறு கம்பெனியில் வேலை பார்க்கிறார், சாயங்காலம் வந்து மிஷினைப் பார்த்துக்கொள்வார். பெண்களும் சிறுபான்மையினரும் நடத்தும் வியாபாரத்துக்கு நியூயார்க் நகரம் சான்றிதழ் கொடுத்துக் கான்ட்ராக்ட் தருகிறதாம், 51 சதவீதம் என் பெயரில் எழுதினால் போதும் என்று ஒரு தோழி சொல்கிறாள். நமக்கும் அது உண்டா? அது கறுப்பின மக்களுக்கானது இல்லையா? அந்தச் சான்றிதழை எடுத்தால் வேலை வருமா? கோர்ட்டில் இதையெல்லாம் நிறுத்தப் போகிறார்கள் என்று வாட்ஸாப்பில் வருகிறதே? கடைசியாக ஒன்று. ஒரு பெரிய கான்ட்ராக்டர் போன் செய்தார். 'நீங்கள் சான்றிதழ் மட்டும் வாங்குங்கள். சைன் வேலை முழுக்க உங்கள் பெயரில் பில் போடுகிறோம். பொருள் நம்முடையது, ஆள் நம்முடையது. உங்களுக்கு நூற்றுக்கு நாலு' என்றார். மாமனார், சும்மா வருகிற பணத்தை ஏன் விடுகிறாய் என்கிறார். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்."

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கெடு இருப்பது அதற்கு மட்டும்தான். அந்தக் கான்ட்ராக்டரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். மாத முடிவு வரை காத்திருக்கவும் வேண்டாம்.

நம் ஊரில் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது: பினாமி. உங்கள் மாமனாருக்கு அந்தச் சொல்லைச் சொன்னாலே பாதி புரிந்துவிடும். மீதி பாதிக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு லட்சம் டாலர் வேலை என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு நாலு என்றால் உங்கள் கைக்கு எட்டாயிரம். ஆனால் இரண்டு லட்சத்துக்கும் பில் உங்கள் பெயரில். வரிக் கணக்கில் வரவு உங்கள் பெயரில். மாட்டிய போர்டு கழன்று ஒருவர் தலையில் விழுந்தால் வக்கீல் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். வேலையாட்களுக்குச் சட்டப்படி கூலி கொடுக்கவில்லை என்றால் அதற்கும் நீங்கள்தான் பதில். அந்த வேலையாட்கள் யார் என்றே உங்களுக்குத் தெரியாது. எட்டாயிரம் டாலருக்கு உங்கள் கையெழுத்தை வாடகைக்கு விடுகிறீர்கள். சும்மா வருகிற பணம் இல்லை இது.

பென்சில்வேனியாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். மத்திய அரசுப் பணத்தில் பாலம் கட்டும் வேலைகள். அதில் ஒரு பங்கு 'பின்தங்கிய' உரிமையாளர்களின் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்பது விதி. ஷூயில்கில் புராடக்ட்ஸ் என்ற கான்கிரீட் உத்தரம் செய்யும் கம்பெனி, கனெக்டிகட்டில் ஃபிலிப்பைன்ஸ் வம்சாவளிக்காரர் ஒருவர் நடத்திய சின்னக் கம்பெனியை முன்னால் நிறுத்தியது. 1993 முதல் 2008 வரை, பதினைந்து வருஷம், பத்துக் கோடி டாலருக்கும் மேற்பட்ட வேலை அந்தச் சின்னக் கம்பெனி பெயரில் ஓடியது. வேலை செய்ததெல்லாம் பெரிய கம்பெனியின் ஆட்கள். சின்னவருக்குக் கிடைத்தது ஒரு கமிஷன். வேலையிடத்தில் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? பெரிய கம்பெனியின் வண்டிகளில் இருந்த சொந்தப் பெயரை மறைக்க, சின்னக் கம்பெனியின் பெயர் அச்சிட்ட காந்த போர்டை மேலே ஒட்டிக்கொண்டு போனார்கள். நீங்கள் வாரத்துக்கு இருபது செய்து தருவீர்களே, அதே காந்த போர்டுதான். வழக்கில் அதுவும் ஒரு சாட்சியமானது. பெரிய கம்பெனியின் முதலாளிக்குச் சிறைத் தண்டனை. பெயர் கொடுத்தவரும் தப்பவில்லை. அவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

சட்டம் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த வேலையில் உருப்படியாக எதையாவது நீங்கள் செய்தீர்களா? பொருளுக்கு விலை பேசியது யார், வாங்கியது யார், ஆள் வைத்தது யார், வேலையை மேற்பார்த்தது யார்? இதற்கெல்லாம் 'அவர், அவர், அவர்' என்று பதில் வந்தால் உங்களுடைய பங்கு வெறும் ரப்பர் ஸ்டாம்புதான். நியூயார்க்கில் கான்ட்ராக்டர் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று நகரமே பதிவு கேட்கிறது, செக் நகல் கேட்கிறது. நாலு சதவீதத்தை உங்களிடம் விட்டுவிட்டு மீதியை அவர் திரும்ப வாங்கிக்கொள்வது உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டிலேயே அப்பட்டமாகத் தெரியும்.

சரி, இனி நல்ல செய்திக்கு வருகிறேன். அந்த ஆள் உதவியே உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் கடை நேர் வழியிலேயே தகுதி பெறும்.

நியூயார்க் நகரத்தின் திட்டத்துக்கு எம்.டபிள்யூ.பி.இ. என்று பெயர், சிறுபான்மையினரும் பெண்களும் நடத்தும் வியாபாரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். சான்றிதழ் தருவது நகரத்தின் சிறுதொழில் சேவைத் துறை, இங்கே எல்லோரும் எஸ்.பி.எஸ். என்பார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. 'ஆயிரத்தைந்நூறு டாலர் கொடுங்கள், நான் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது வந்தால் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வியாபாரம் தொடங்கிக் குறைந்தது ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு ஒன்பது ஆகிவிட்டது. உரிமையாளர் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவரின் பங்கு இந்தக் கணக்கில் சேராது. கடை நகரத்தின் ஐந்து போரோக்களில், அதாவது பெரும் பகுதிகளில், ஒன்றில் இருந்தால் இடப் பிரச்சினை இல்லை. இந்தச் சாக்கில் நியூ ஜெர்சி வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஹட்சன், பெர்கன், பசேயிக் ஆகிய மூன்று கவுன்ட்டிகள் பட்டியலில் உண்டு. ஆகவே ஜெர்சி சிட்டிக்காரருக்குக் கதவு திறந்திருக்கிறது. எடிசன் இருப்பது மிடில்செக்ஸ் கவுன்ட்டியில், அது பட்டியலில் இல்லை. எடிசன்காரர் நியூயார்க் நகரத்தோடு தனக்கு உள்ள வியாபாரத் தொடர்பைத் தனியாக நிரூபிக்க வேண்டும். பாதித் தமிழ் வியாபாரம் எடிசன் பக்கம்தான் இருக்கிறது, என்ன செய்வது.

இப்போது அந்த 51 சதவீதம். இது பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் பொதுவான விதி. உங்கள் தோழி ஒன்றைக் கவனிக்கவில்லை. சிறுபான்மைப் பட்டியலில் 'ஆசிய இந்தியர்' என்று தனியாகவே போட்டிருக்கிறது. உங்கள் கணவரும் அதில் வருகிறார். ஆகவே இப்போதிருக்கும் பாதிப் பாதியிலேயே உங்கள் கடை முழுக்க முழுக்கச் சிறுபான்மையினர் கடைதான். ஒரு காகிதத்தையும் மாற்றாமல் அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

'பெண் நடத்தும் வியாபாரம்' என்ற சான்றும் வேண்டும் என்றால்தான் 50 போதாது, 51 வேண்டும். அதுவும் எழுத்தில் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. கையில் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால் அது ஏற்கெனவே உங்கள் கையில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. கொட்டேஷன் உங்களுடையது, சம்பளம் உங்களுடையது, வசூலும் உங்களுடையது. அப்படியானால் ஒரு சதவீதம் மாற்றுவது ஏமாற்று வேலை ஆகாது. நடப்புக்குப் பொருந்தும்படி காகிதத்தைத் திருத்துகிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பங்குக்கு என்ன கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் உங்கள் சேமிப்பு எவ்வளவு போட்டீர்கள் என்பதற்குப் பழைய பேங்க் காகிதம் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

நான் இருபது வருஷமாக இங்கே சின்ன வியாபாரங்களின் கணக்கும் கான்ட்ராக்ட் காகிதமும் பார்த்துவருகிறேன். சான்றிதழ் மறுக்கப்படுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் பங்கு விகிதமில்லை. கம்பெனி தொடங்கும்போது இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக் கையெழுத்துப் போட்டார்களே, அந்த ஒப்பந்தம். அதில் ஏழாவதோ எட்டாவதோ பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: 'எல்லா முக்கிய முடிவுகளுக்கும் இரு பங்குதாரர்களின் சம்மதமும் தேவை.' குடும்பத்துக்கு அது நல்ல வரிதான். பெண் பெயரில் வாங்கும் சான்றிதழுக்கு விஷம். அந்த வரி இருக்கும்வரை 51 என்ன, 90 சதவீதம் வைத்திருந்தாலும் உங்களால் தனியாக முடிவெடுக்க முடியாது என்றுதான் அர்த்தம். பேங்கில் கையெழுத்து அட்டையையும் பாருங்கள். செக்கில் அவர் மட்டும் கையெழுத்துப் போடுகிறாரா, அல்லது இருவரும் சேர்ந்துதான் போட வேண்டுமா? அதையும் கேட்பார்கள்.

பேட்டியும் இருக்கலாம். ஒரு தம்பதியை எனக்குத் தெரியும், வேறு தொழில், ஊர் பெயர் வேண்டாம். மனைவி பெயரில் 60 சதவீதம். காகிதமெல்லாம் கச்சிதம். வந்த அதிகாரி அம்மையாரிடம் சாதாரணமாக, 'போன மாதம் வாங்கிய சரக்கு என்ன விலைக்கு வந்தது?' என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்கு முன்னால் கணவரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். அதிகாரி குறித்துக்கொண்டார். உங்களிடம் ஒரு ரோல் வினைல் என்ன விலை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கணவரிடம் முன்கூட்டியே ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள், அன்றைக்கு அவர் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் இருக்கட்டும். நம் வீட்டு ஆண்களுக்கு இது கொஞ்சம் சிரமம்.

'நமக்கும் உண்டா, கறுப்பின மக்களுக்கானது இல்லையா' என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வி கேட்டதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துப்போனது. ஏனென்றால் நம்மவர்களில் பலர் கேட்பதில்லை, படிவத்தில் கட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

கதவைத் தட்டித் திறந்தது அவர்கள்தான். அட்லாண்டாவில் 1973ல் தேர்வான முதல் கறுப்பின மேயர் மேனார்டு ஜாக்சன், புதிய விமான நிலையத்தின் வேலையில் கால் பங்கு சிறுபான்மை நிறுவனங்களுக்குப் போயாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நகரத்துப் பெரிய மனிதர்களெல்லாம் முகம் சுளித்தார்கள். 1980ல் நிலையம் திறந்தது, நகரத் திட்டங்களுக்கு அதுவே முன்மாதிரியானது. நாம் வந்தது பின்னால். மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகத்தின் பட்டியலில் நம் துணைக்கண்டத்தவர் முதலில் இல்லை. இந்திய வம்சாவளி அமைப்பு ஒன்று மனுப் போட்டு வாதாடியபின் 1982ல்தான் சேர்த்தார்கள். அன்றைக்கும் அதில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சட்டம் கொடுக்கும் உரிமையை வாங்கிக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். வாங்கியபின் ஆள் எடுக்கும்போதும் சரக்கு வாங்கும்போதும் நம் பக்கத்து ஆட்களையே பார்க்காமல் கொஞ்சம் அந்தப் பக்கமும் பார்த்தால் நன்றாக இருக்கும்.

இதை நம் ஊர் ஒதுக்கீட்டோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டின் கதையும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது, ஆனால் நடுவில் பிரிகிறது. சென்னை மாகாணத்தில் சாதி, மத வாரியாக இடம் பிரிக்கும் வகுப்புவாரி உத்தரவு இருந்தது. அதை 1951ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே வருஷம் அரசியல் சட்டத்தையே திருத்தி ஒதுக்கீட்டுக்கு இடம் செய்தார்கள். அமெரிக்காவில் அப்படித் திருத்தவில்லை. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்தில் பாதிப்பேர் கறுப்பினத்தவர், ஆனால் 1983 வரை ஐந்து வருஷத்து நகரக் கான்ட்ராக்டில் அவர்களைப் போன்ற சிறுபான்மையினருக்குப் போனது 0.67 சதவீதம். நகரம் 30 சதவீதம் என்று ஒரு விதி போட்டது. ஒரு கம்பெனி வழக்குப் போட்டது. எதற்குத் தெரியுமா? நகரச் சிறையில் எஃகுக் கழிப்பறைத் தொட்டி பொருத்தும் வேலைக்கு. அந்த வேலையில் முக்கால்வாசி விலை தொட்டியிலேயே போய்விடும், ஆகவே தொட்டியையே சிறுபான்மை வியாபாரியிடம் வாங்க வேண்டிய நிலை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்தின் விதி செல்லாது என்று தீர்ப்பு. 'இந்த ஊரில், இந்தத் தொழிலில், இந்த மக்களுக்கு அநியாயம் நடந்தது என்று நீங்கள் எங்கே நிரூபித்தீர்கள்?' என்பதே கோர்ட்டின் கேள்வி. ரிச்மண்டின் பட்டியலில் எஸ்கிமோக்கள்கூட இருந்தார்கள். வர்ஜீனியாவில் எஸ்கிமோக்களுக்கு யார் எப்போது கான்ட்ராக்ட் மறுத்தார்கள் என்று நீதிபதிகள் கேட்டால் பதில் ஏது?

அன்றிலிருந்து ஒவ்வொரு நகரமும் முதலில் ஓர் ஆய்வு செய்ய வேண்டியிருக்கிறது. வேலை செய்யத் தகுதியான நிறுவனங்கள் எத்தனை, அவற்றுக்குப் போன வேலை எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும் ஆய்வு. நியூயார்க்கில் டின்கின்ஸ் மேயராக இருந்தபோது 1992ல் ஒரு திட்டம் வந்தது, அடுத்து வந்த ஜூலியானி அதை எடுத்துவிட்டார். பிறகு 2005ல் சட்டமாகவே வந்தது, 2013லும் 2019லும் திருத்தினார்கள். ஆகவே இங்கே கோட்டா என்று எதுவும் இல்லை. இலக்கு மட்டும் உண்டு. உங்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்து யாரும் காத்திருக்கவில்லை.

இதிலிருந்துதான் 'வேலை வருமா' என்ற கேள்விக்குப் பதில் கிளைக்கிறது. சான்றிதழ் வந்த அன்று போன் மணி அடிக்காது. ஒரு வருஷம் அடிக்காமலே போனவர்களும் உண்டு. நகரத்தின் தலைமைக் கணக்கதிகாரி அலுவலகம் வருடாவருடம் கணக்குப் போடுகிறது. 2022 நிதியாண்டில் நகரம் போட்ட புதிய கான்ட்ராக்டுகளின் மொத்த மதிப்பில் இந்தச் சான்று பெற்றவர்களுக்குப் போனது நூற்றுக்கு ஐந்து சொச்சம். மேயர் அலுவலகம் சொல்லும் எண் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. திட்டத்துக்குள் வரும் கான்ட்ராக்டுகளை மட்டும் வைத்து மேயர் வகுக்கிறார், எல்லாவற்றையும் வைத்துக் கணக்கதிகாரி வகுக்கிறார். வகுக்கும் எண் மாறினால் விடை மாறும் என்பது நாலாம் வகுப்புக் கணக்கு.

ஆனால் உங்கள் அளவுக் கடைக்கு ஒரு நல்ல வாசல் இருக்கிறது. சான்று பெற்ற நிறுவனத்திடமிருந்து 15 லட்சம் டாலர் வரைக்கும் நகரத் துறைகள் முறையான டெண்டர் போட்டி இல்லாமலே வாங்கலாம். 2017ல் இந்த உச்சவரம்பு ஒன்றரை லட்சமாக இருந்தது. படிப்படியாக ஏறி 2023ல் பத்து மடங்கானது. அதற்கும் கீழே இன்னொரு சின்ன வாசல், சரக்கும் சேவையும் 20,000 டாலர் வரை இருந்தால் அதிகாரி நேராக வாங்கிவிடலாம். பேனரும் ஜன்னல் ஸ்டிக்கரும் எல்லாம் இந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் போகின்றன. பூங்காத் துறைக்கு நூறு அறிவிப்புப் பலகை வேண்டும், ஒரு சுகாதார முகாமுக்கு நாலு பேனர் வேண்டும். அந்த அதிகாரி முதலில் செய்வது, கம்ப்யூட்டரில் சரக்குக் குறியீட்டைப் போட்டுச் சான்று பெற்றவர்களைத் தேடுவது.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சான்றிதழ் வாங்கி ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். பாஸ்போர்ட் என்று நகரத்துக்கு ஒரு கொள்முதல் தளம் இருக்கிறது (விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), அதில் தனியாகப் பதிய வேண்டும். பணம் வாங்குவதற்கான தளத்தில் இன்னொரு தடவை பதிய வேண்டும். பதியும்போது உங்கள் தொழிலின் குறியீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் 'அச்சு வேலை' என்ற ஒன்றை மட்டும் குறித்துவிட்டு இரண்டு வருஷம் காத்திருந்தார். அவர் செய்வது முழுக்க சைன் வேலை. சைன் என்று தேடிய எந்த அதிகாரியின் கண்ணிலும் அவர் படவே இல்லை. நீங்கள் சைன், பேனர், வினைல் எழுத்து, வண்டி கிராஃபிக் என்று செய்கிற ஒவ்வொன்றையும் குறியுங்கள். செய்யாததைக் குறிக்காதீர்கள். அப்புறம் ஒவ்வொரு துறையிலும் இந்தத் திட்டத்துக்கென ஓர் அதிகாரி உண்டு, அவருக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் உங்கள் வேலையின் நாலு போட்டோவோடு மெயில் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை அனுப்புங்கள். இதில் மானம் மரியாதை பார்க்கக் கூடாது.

வேலை வந்தபின் வருவது வேறு தலைவலி: பணம். நகரம் ஏமாற்றாது, ஆனால் தாமதிக்கும். பெரிய கான்ட்ராக்ட் என்றால் கணக்கதிகாரி அலுவலகத்தில் அது பதிவாக வேண்டும். பதிவாகாமல் ஒரு செக்கும் வெளியே வராது. அங்கே போய்ச் சேர்ந்தால் 30 நாளில் முடிவு சொல்வார்கள், போய்ச் சேர்வதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். இடையில் துறையிலிருந்து, 'அவசரம், நீங்கள் தொடங்கிவிடுங்கள், காகிதம் வந்துகொண்டிருக்கிறது' என்று போன் வரும். என் வாடிக்கையாளர் ஒருவர் அந்தப் போனை நம்பித் தொடங்கினார். ஏழு மாதம் சம்பளத்தைக் கிரெடிட் கார்டில் கொடுத்தார். பணம் கடைசியில் முழுதாக வந்தது, ஆனால் லாபத்தில் பாதியைக் கார்டு வட்டி தின்றுவிட்டது. ஆகவே முதல் வருஷம் 20,000 டாலருக்குள் இருக்கும் வேலைகளையே எடுங்கள். பெரிய வேலை வந்தால் நகரமே கான்ட்ராக்டைக் காட்டிக் குறைந்த வட்டிக் கடன் வாங்க ஒரு நிதி வைத்திருக்கிறது, எஸ்.பி.எஸ்.ஸிடம் கேளுங்கள். கார்டைத் தொடாதீர்கள்.

உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. கடையில் போர்டு செய்வது ஒன்று, கட்டடத்தில் போய் மாட்டுவது இன்னொன்று. அரசுக் கட்டட வேலையில் மாட்டும் ஆளுக்கு நகரம் அறிவித்திருக்கும் கூலிதான் கொடுக்க வேண்டும். நீங்கள் இப்போது அந்தப் பையன்களுக்குக் கொடுப்பதைப் போல அது இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். வெளிச்சுவரில் பெரிய போர்டு மாட்ட உரிமம் பெற்ற ஆள் வேறு வேண்டும். கொட்டேஷன் கொடுப்பதற்கு முன்னால் கூலிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கொடுத்தபின் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். மாட்டும் வேலை இல்லாத, செய்து கொடுப்பதோடு முடிகிற ஆர்டர்களில் கை பழகுவது நல்லது.

கோர்ட் விஷயத்தில் வாட்ஸாப் சொல்வது பாதி சரி. மத்திய அரசின் திட்டங்கள் ஆட்டம் கண்டிருப்பது உண்மை. 2023ல் டென்னசியில் ஒரு மத்திய நீதிமன்றம், குறிப்பிட்ட இனத்தில் பிறந்தாலே பின்தங்கியவர் என்று சிறுதொழில் நிர்வாகம் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றது. 2025 அக்டோபரில் மத்தியப் போக்குவரத்துத் துறையும் தன் திட்டத்தில் இனமும் பாலினமும் பார்த்துத் தானாகச் சேர்க்கும் முறையை எடுத்துவிட்டது. அங்கே இனி ஒவ்வொருவரும் தன் கதையைத் தனியாக எழுதி நிரூபிக்க வேண்டும். நியூயார்க் நகரத்தின் திட்டம் வேறு. அது நகரத்தின் சொந்தச் சட்டத்திலும் சொந்த ஆய்விலும் நிற்கிறது, மத்தியப் பணம் கலந்த வேலைகளுக்கு மட்டும் மத்திய விதி. நாளைக்கு இதன்மேலும் வழக்கு வரலாம். அதனால்தான் சொல்கிறேன், சான்றிதழை நம்பிப் புது மிஷின் வாங்காதீர்கள், புது இடம் பிடிக்காதீர்கள். உங்களுடைய இப்போதைய வாடிக்கையாளர்கள், அந்த மளிகைக் கடையும் டான்ஸ் ஸ்கூலும் டாக்ஸி கம்பெனியும் எல்லாம் அப்படியே இருக்கட்டும். நகர வேலை அதன்மேல் வரும் வருமானம்.

இந்த மாதம் செய்ய வேண்டியது: அந்தக் கம்பெனி ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, முடிவெடுக்கும் அதிகாரம் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். பெண் சான்றும் வேண்டுமென்றால் வழக்கறிஞர் ஒருவரை வைத்து மாற்றுங்கள், நானூறு ஐந்நூறு டாலர் ஆனால் ஆகட்டும். மூன்று வருஷத்து வரிக் கணக்கு, கடை வாடகை ஒப்பந்தம், பேங்க் கையெழுத்து அட்டை, உங்கள் இருவரின் குடியுரிமைக் காகிதம், நீங்கள் இந்தத் தொழிலைக் கற்றது எங்கே என்று ஒரு பக்கம். இவை இருந்தால் விண்ணப்பம் ஒரு சனிக்கிழமை மதிய வேலைதான்.

அந்தக் கான்ட்ராக்டரிடம் முடியாது என்று சொன்னதோடு போனை வைத்துவிடவும் வேண்டாம். அவரிடம் சைன் வேலை இருப்பது உண்மைதானே. 'பெயர் தருவதில்லை சார், வேலை செய்வேன். எத்தனை போர்டு, என்ன அளவு, என்ன பொருள் என்று வரைபடத்தை அனுப்புங்கள், வெள்ளிக்கிழமைக்குள் விலை சொல்கிறேன்' என்று கேளுங்கள். வரைபடம் வந்தால் கொட்டேஷன் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், கூலிப் பட்டியலைச் சேர்ந்து பார்ப்போம்.